ஏற்காடு இறக்கமும் என் முட்டியும்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடி ஏறுகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நிறையப் பார்க்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏறும்போது மூச்சு வாங்கும், கெண்டைக்கால் இறுகும், பாதியில் நடந்துவிடலாமா என்று தோன்றும். ஆனால் முட்டி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். வலி ஆரம்பிப்பது இறங்கும்போது. எங்கள் சேலத்தில் ஓடுகிறவர்கள் பலருடைய முட்டி வலிக் கதையும் இந்த இறக்கத்தில்தான் தொடங்குகிறது. என் கதையும் அப்படித்தான்.

எனக்கு 47 வயது. செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. கணக்கு வழக்கு என் பொறுப்பு. வீடு அஸ்தம்பட்டிப் பக்கம். பையன் காலேஜுக்குப் போன பிறகு, காலை நேரம் எனக்கென்று கிடைத்தபோது ஓட ஆரம்பித்தேன். முதலில் காந்தி ஸ்டேடியத்தில் நடை, அப்புறம் மெதுவோட்டம், அப்புறம் மூக்கனேரிக் கரை, அதன் பிறகு கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை. மலையை ஓடி ஏற முடிகிறது என்று தெரிந்தபின், இறங்கவும் ஓடலாமே என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஏறுவதில் பாதி நேரம்கூட ஆகாது, காற்று முகத்தில் அடிக்கும், வேகம் தானாக வரும். அதில் ஒரு சுகம் உண்டு, மறுக்க மாட்டேன்.

சில வாரம் இப்படிப் போனது. வலது முட்டியில், சில்லுக்குப் பின்னால், எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு வலி. முதலில் இறக்கத்தில் மட்டும் இருந்தது. பிறகு மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போதும் வந்தது. பிறகு பட்டறையில் சம்மணம் போட்டுக் கணக்கு எழுதிவிட்டு எழும்போது, காலை நீட்டி ஒரு நிமிடம் தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தியேட்டரில் படம் முடிந்து எழுந்தால் முதல் நாலு அடி நொண்டல்.

ஏன் இறங்கும்போது வலிக்கிறது என்பது புரிந்துவிட்டால், மற்ற எல்லா வைத்தியமும் தானாகப் புரியும். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே போகிற நிலையில், விழப் பார்க்கும் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கும் வண்டி மாதிரி. எல்லாச் சூடும் ஒரே இடத்தில் ஏறுகிறது. அந்தத் தசை இழுக்க இழுக்க, முட்டிச்சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகிறது. முட்டி மடங்க மடங்க அழுத்தமும் கூடும். சமதளத்தில் ஓடும்போதே அங்கே உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை விழுகிறது. இறக்கத்தில் அது இன்னும் அதிகம். படி இறங்குவது, குத்துக்காலிட்டு உட்காருவது, நெடுநேரம் மடக்கியே வைத்திருப்பது எல்லாம் அதே இடத்தைத்தான் தொடுகின்றன.

சுமை விழுவதே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். உடம்பு சுமைக்குப் பழகும். பழக அவகாசம் தராமல் கூட்டினால்தான் எரிச்சல் வருகிறது. ஓட்டக்காரர்களின் முட்டி வலியில் பெரும்பங்கு இந்தக் கணக்குத்தான்: முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் இந்த மாதம் எது திடீரென்று கூடியது? தூரமா, வேகமா, மேடு பள்ளமா? கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

வலிக்கும் இடம் முக்கியம். என்னுடையது சில்லைச் சுற்றி, சில்லுக்குப் பின்னால். ஓடுகிறவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுதான். முட்டியின் வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் சுருக்கென்று ஆரம்பித்து, நின்றால் போய்விட்டு, மறுபடி ஓடினால் அதே தூரத்தில் வந்தால் அது வேறு. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முட்டிக்குக் கீழே வரை வரும் பட்டையான நார் உரசும் இடத்தில் ஏற்படும் எரிச்சல். அதற்கும் இறக்கம் ஆகாது. சில்லுக்குச் சரியாகக் கீழே, ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால், அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் வருவது. குதிப்பதும் வேகப் பயிற்சியும் அதைக் கிளப்பும். எல்லாவற்றையும் 'மூட்டு வலி' என்று ஒரே பெயரில் சொல்லி, அடுத்தவர் செய்த வைத்தியத்தை அப்படியே செய்வதில் பயனில்லை.

வீட்டில் தெரிந்ததும் அத்தை ஆரம்பித்துவிட்டார். "சொன்னா கேட்டாத்தானே கண்ணு? ஓடி ஓடி எலும்பு தேஞ்சு போச்சு பாரு." பக்கத்து வீட்டு அக்கா புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார். எலும்பு முறியவில்லையே அக்கா, கட்டு எதற்கு என்று கேட்டேன். போட்டால் நல்லதுதானே என்றார். ஓர் எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். "லேசா தேய்மானம் ஆரம்பிச்சிருக்கும்மா. இந்த வயசுல ஓட்டமெல்லாம் வேண்டாம். வாக்கிங் போங்க, போதும்" என்றார். அவர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எப்போது வலிக்கிறது, எவ்வளவு ஓடுகிறேன் என்று கேட்கவும் இல்லை. மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தேன்.

இந்தத் தேய்மானம் என்ற பேச்சைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓடுகிறவர்களை வீட்டில் உட்கார வைப்பது வலியைவிட இந்தப் பயம்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் படம் எடுத்துப் பார்த்தால், ஒரு வலியும் இல்லாத பலருக்கும் முட்டியில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். படத்தில் இருப்பதும் வலிக்குக் காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில்லைச் சுற்றிய வலி எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒன்றும் அல்ல. ஓட்டம் மூட்டைத் தேய்க்குமா என்ற கேள்விக்கு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்தே வாழ்கிறவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகத் தீவிரமாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். இதை வைத்துக்கொண்டு ஓட்டம் முட்டிக்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல முட்டி வாய்த்தவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் என்னைப் போல வாரத்தில் சில நாள் ஓடுகிறவர்கள் எலும்பைத் தேய்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்த எண்களில் இடமில்லை. இதை அத்தையிடம் சொன்னேன். "படிச்சவங்க எதையாவது எழுதுவாங்க" என்று முடித்துவிட்டார்.

பிறகு, கூட ஓடும் தம்பி ஒருவன் சொல்லி, ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், "ஒரு கால்ல நின்னு மெதுவா பாதி உட்காருங்கக்கா" என்றாள். கண்ணாடி முன்னால் நிற்க வைத்துக் காட்டினாள். இடது கால் நேராக மடங்கியது. வலது கால் மடங்கும்போது முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கியது. ஒவ்வொரு அடியிலும் இப்படிச் சாய்ந்தால் சில்லு தன் பள்ளத்தில் நேராக ஓடாது என்றாள். வலி முட்டியில் இருந்தாலும் வேலை இடுப்பிலும் தொடையிலும் இருந்தது.

ஓட்டத்தை நிறுத்தணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே கட்டணம் கொடுக்கலாம் என்று தோன்றியது. முழு ஓய்வு எடுத்தால் வலி குறையும், உண்மைதான். ஆனால் தசையும் சேர்ந்து இளைக்கும். ஒரு மாதம் கழித்துப் பழைய தூரத்தை ஓடப் போனால், முன்பைவிடப் பலவீனமான காலோடு அதே சுமையைத் தூக்க வேண்டியிருக்கும், வலியும் திரும்ப வரும். எங்கள் கூட்டத்தில் இப்படி நிறுத்தி, ஓடி, நிறுத்தி, ஓடி, கடைசியில் ஷூவைப் பையனுக்குக் கொடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அவள் கொடுத்த அளவுகோல் எளிது. வலி இல்லாததற்கு 0, தாங்கவே முடியாததற்கு 10. ஓடும்போதோ பயிற்சி செய்யும்போதோ 3 வரை இருந்தால் பரவாயில்லை. 4, 5 என்று போனால் அன்றைக்கு அத்தோடு சரி. இன்னொரு பாதி அடுத்த நாள் காலையில் தெரியும். 24 மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம். எனக்கு மொட்டை மாடிப் படிதான் சோதனைக்கூடம். காலையில் காபிக்கு முன்னால் ஒருமுறை ஏறி இறங்கினால் நேற்றைய கணக்கு தெரிந்துவிடும்.

வலி கடுமையாக இருக்கும் நாட்களில் படிக்கட்டுக்கு ஒரு வழி உண்டு. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்க வேண்டும். பளுவான வேலை இரண்டு தடவையும் நல்ல காலுக்குப் போய்விடும்.

ஓட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மலைக்குப் போகவில்லை. மூக்கனேரிக் கரையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பம். ஒருநாள் விட்டு ஒருநாள். ஏரி நடுவில் இருக்கும் மண்திட்டு மரங்களில் பறவைகள் சத்தம் போடுவதை, இத்தனை நாள் அந்தப் பக்கம் ஓடியும், அப்போதுதான் நின்று கேட்டேன். வீட்டிலும் சில மாற்றங்கள். கோலம் போடுவதற்குக் குத்துக்காலிட்டு உட்காருவதைச் சில வாரம் விட்டேன்; குனிந்தபடியே சின்னக் கோலம். மார்கழி இல்லாதது நல்லதாகப் போயிற்று. பட்டறையில் தரையிலிருந்து நாற்காலிக்கு மாறினேன். "அக்கா ஆபீசர் ஆயிட்டாங்க" என்று கொலுசுக்குச் சலங்கை வைக்கும் பெண்கள் சிரித்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குவேன். இதெல்லாம் முட்டி அடங்கும் வரை மட்டும்தான். சம்மணம் போடுவதோ குத்துக்காலிடுவதோ கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. நம் பாட்டிகள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். இப்போது நானும் மறுபடி தரையில்தான் உட்காருகிறேன்.

பயிற்சிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நான் செய்தவை எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

முதலாவது படியிறக்கம். மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்கி, தரையில் பாரம் போடாமல் மறுபடி மேலே வர வேண்டும். இறங்குவதற்கு மூன்று நான்கு விநாடி எடுக்க வேண்டும். நிற்கும் காலின் முட்டி, இரண்டாவது விரலுக்கு நேராகவே இருக்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. மலை இறக்கத்தில் தசை செய்யும் வேலையை, அளவோடு, கட்டுப்பாட்டோடு செய்து பழக்குவதுதான் இது. ஆரம்பத்தில் எனக்குப் படி உயரமே அதிகமாக இருந்தது. ஒரு தடிமனான மரப்பலகையில் நின்று தொடங்கினேன்.

இரண்டாவது இடுப்புக்கு. ஒரு பக்கமாகப் படுத்து, மேல் காலை நேராக, கொஞ்சம் பின்னோக்கி உயர்த்த வேண்டும். சும்மா சாதாரணமாகத் தெரியும், பத்துத் தடவை சரியாகச் செய்தால் இடுப்பின் பக்கவாட்டில் எரியும். கால் முன்னால் நழுவினால் தொடைத் தசை வேலையைத் திருடிக்கொள்ளும். அதனால் முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுத்து, குதிகால் சுவரை உரசியபடி மேலே போகட்டும். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பைத் தூக்குவதையும் இதோடு சேர்த்துச் செய்தேன். சில வாரம் கழித்து ஒற்றைக் காலில் தூக்கினேன்.

அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்பது. இதில் பலர் தொடை தரைக்கு இணையாக வரும் வரை இறங்குகிறார்கள். வலி இருக்கும்போது அந்த ஆழம் தேவையில்லை. வலி 3-க்குள் நிற்கும் உயரம் எதுவோ அதுதான் உங்கள் உயரம். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து மெல்ல உட்காருவது இதற்கு அடுத்த கட்டம். கெண்டைக்காலை மறக்க வேண்டாம். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. கெண்டை பலவீனமாக இருந்தால் அது தாங்க வேண்டியதையும் முட்டிதான் தாங்கும்.

இவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பாரம் கூட்ட வேண்டும். காலில் மாட்டி இழுக்கும் ரப்பர் பட்டையோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் ஓட்டத்துக்கு வேண்டிய பலம் பாரத்தில்தான் வரும் என்பது என் அனுபவம். பட்டறையில் எலக்ட்ரானிக் தராசு வந்தபின் பழைய இரும்புப் படிக்கற்கள் மூலையில் கிடந்தன. பையனின் பழைய ஸ்கூல் பையில் 2 கிலோ, 5 கிலோ என்று போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். நாற்பதுக்கு மேல் தசை குறைந்துகொண்டே வரும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் இன்னும் வேகமாக. முட்டி வலிக்காவிட்டாலும் இந்தப் பையை மாட்டிக்கொள்ள அது ஒன்றே போதும்.

பலன் எப்போது தெரியும்? ஆறு வாரத்தில் படி இறங்குவது சுலபமாகலாம். நம்பிக்கையோடு ஓட மூன்று மாதம்கூட ஆகும். பத்து நாள் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விடுபவர்கள் அதிகம். தசை வளர எடுக்கும் காலத்தை யாராலும் குறைக்க முடியாது.

ஓடும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன், ஆனால் அதில் நல்ல பலன் கிடைத்தது. அடியைச் சிறியதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளைக் கூட்டுவது. கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழுந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியில் விழும் சுமை குறைகிறது என்பது 2011-லேயே அளந்து காட்டப்பட்ட விஷயம். வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் உங்கள் எண் கிடைத்துவிடும். எனக்கு 156 இருந்தது, 166-க்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் 180 வைக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி ஒரேயடியாகத் தாவ வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். போனில் டிக் டிக் என்று தட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கரையில் நடப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இன்னொன்று ரோடு. நம் தார்ச்சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓடுவதுதான் பாதுகாப்பு என்பதால் ஓரம் மாறுவது எப்போதும் முடியாது. அதனால் வாரத்தில் பாதி ஓட்டத்தைச் சமமான ஏரிக் கரைக்கும் ஸ்டேடியத்துக்கும் மாற்றிக்கொண்டேன். ஸ்டேடியத்தில் ஒரே திசையில் சுற்றாமல், கூட்டம் இல்லாத நேரத்தில் திசை மாற்றுவேன்.

ஷூவைப் பற்றி நிறையக் கேட்பார்கள், சொல்ல அதிகம் இல்லை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள், காலில் போட்டதும் சுகமாக இருப்பதை வாங்குங்கள். விலைக்கும் முட்டிக்கும் சம்பந்தம் இல்லை. முட்டி உறை மாட்டினால் கதகதப்பாக, தெம்பாக இருக்கும். மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அது பயிற்சிக்கு மாற்று இல்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்கு வருபவர்களைப் பார்க்கிறேன். வலி என்பது அன்றைய அளவைச் சொல்லும் ஒரே கருவி, அதை அணைத்துவிட்டு ஓடினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதைவிட மோசம், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் ஆறு மணிக்கே வியர்த்து ஊற்றுகிறது, சொல்ல வேண்டியதில்லை. ஓடி முடித்தபின் வலித்தால் ஐஸ் வைக்கலாம், வலி அடங்கும். குளுக்கோசமைன் மாத்திரையை ஓட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்கிறார்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் செய்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. அந்தக் காசுக்கு ஷூ வாங்கலாம்.

ஏற்காட்டுச் சாலையோரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு, மேலெல்லாம் பழுப்பு ரோமம். கொல்லிமலையில் இன்னும் பிரபலம். முட்டிக்கு நல்லது என்று கூட்டத்தில் எல்லோரும் வாங்கினோம். ரோமத்தைச் சீவி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு சூப் வைத்தால், சைவம் சாப்பிடுகிற என் கணவரே இரண்டு கிளாஸ் கேட்பார். அடிக்கடி வைக்கிறேன், ருசிக்காக. முட்டி சரியானதற்கான பெருமையைப் படிக்கல்லுக்குத்தான் கொடுப்பேன். அத்தையைக் கேட்டால் சூப்புக்குக் கொடுப்பார்.

மலைக்குத் திரும்பியதும் திட்டத்தோடுதான். முதலில் தூரம், தூரம் பழகியபின் வேகம், கடைசியில் மேடு பள்ளம். இரண்டை ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. ஏறுவது ஓட்டம், இறங்குவது பஸ். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸுக்குக் குறைவில்லை, கோடை விழா சமயத்தில் மட்டும் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் வேண்டும், ஈரத்தோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பத்தாவது வளைவுக்குள் நடுங்கும். நடைபாதை ஓர சீட்டாகப் பிடித்தால் காலை நீட்டலாம். முட்டியை மடக்கியபடியே மலை இறங்கினால் ஓடாமலே வலிக்கும். "ஓடி ஏறினவங்களுக்கு இறங்கத் தெம்பு இல்லையாக்கும்" என்று ஒரு கண்டக்டர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

இறக்கத்தை நிரந்தரமாக விடவும் இல்லை. இறங்கிப் பழகினால்தான் தசை இறக்கத்துக்குப் பழகும். அடிவாரத்துக்கு அருகே கடைசிச் சில வளைவுகளை மட்டும் ஓடி இறங்கினேன். சில வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் மேலிருந்து. பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றி இறங்குவதை விட்டு, உடம்பைக் கணுக்காலிலிருந்து லேசாக முன்னால் சாய்த்து, சின்னச் சின்ன அடிகளாக வேகமாக வைக்க வேண்டும். கொண்டை ஊசியின் உள்விளிம்புதான் செங்குத்து. அங்கே நடந்துவிடுவேன். மறுநாள் தொடை முழுக்க ஒரே மாதிரி பிடித்துக்கொண்டால் அது தசை வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். முட்டிக்குள் தனியாக ஒரு வலி தெரிந்தால் அடுத்த வாரம் பஸ்தான்.

என் அனுபவம் எல்லா முட்டிக்கும் பொருந்தாது என்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா, ஈரப் பாறையில் கால் திருகி விழுந்தவர், என்னைப் பார்த்துப் படியிறக்கம் செய்ய ஆரம்பித்தார். அவருக்கு விழுந்த அன்று இரவே முட்டி வீங்கியிருந்தது. நடக்கும்போது சில சமயம் முட்டி நடுவில் பூட்டிக்கொண்டு, முழுதாக நீட்ட முடியாமல் போகும். இது சில்லு வலி இல்லை. அடிபட்ட சில மணி நேரத்தில் வீக்கம், பூட்டிக்கொள்வது, திடீரென்று கால் விட்டுவிடுவது, பாரம் வைக்கவே முடியாதது, காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருப்பது, ஓய்வில் இருக்கும்போதும் ராத்திரி தூங்க விடாத வலி, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு முட்டியைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கிற எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். ஸ்கேனில் முட்டிக்குள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்திருந்தது. நான் செய்த பயிற்சிகளில் பாதி அவருக்கு இப்போதைக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கென்று தனிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதைப் பிறகு முடிவு செய்வார்களாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஸ்கூட்டியில் முன்னால் போய், வளைவுகளில் எங்களுக்குத் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார்.